காதுக்கு வில்லங்கச் சான்று

ரொனால்டு திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். காலை ஆறு மணியிலிருந்து பிற்பகல் இரண்டு வரை ஒரு சின்ன அறைக்குள் உட்கார்ந்து, எந்த பஸ் எப்போது வந்தது, எப்போது கிளம்பியது என்று நோட்டில் எழுதுவார். இரண்டு கண்டக்டர்கள் ஒரே நேரத்துக்கு உரிமை கொண்டாடினால் வெளியே வந்து விசில் ஊதுவார். இருபத்தாறு வருடம் ஹாரனுக்கும் விசிலுக்கும் "நத்தம் நத்தம் நத்தம்" என்ற கூவலுக்கும் நடுவே இருந்த மனிதர், ஐம்பது வயது முடிந்த மாதத்தில், வீட்டில் கொஞ்சம் நல்ல பாட்டுக் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். நியாயமான ஆசைதான். அவர் மனைவி ஐரினும் அப்படித்தான் சொன்னாள்.

"ரெண்டாயிரத்துக்குள்ள ஒரு ஸ்பீக்கர் வாங்கிக்கங்க. அடுப்படியில வெஞ்சனம் வைக்கிறப்ப நானும் கேட்டுக்குவேன்."

அந்த இரண்டாயிரத்தோடுதான் அவர் பழனி ரோட்டில் அமலன் கடைக்குப் போனார். அமலன் ரொனால்டு பூசைக்குப் போகிற மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவர். போன வருடம்வரை மிக்சியும் கிரைண்டரும் விற்றவர். இப்போது கடைக்குள் ஏசி. தரையில் கம்பளம். செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். உள்ளே நான்கு பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து ரொனால்டும் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார்.

அமலன் ஒரு வயலின் துண்டைப் போட்டார். பிறகு அதே துண்டை வேறொரு செட்டில் போட்டார்.

"மொதல்ல கேட்டது ரெண்டாயிரம் ரூவா ஸ்பீக்கர். இப்பக் கேட்டது ரெண்டரை லட்சம். வித்தியாசம் கேக்குதாண்ணே?"

ரொனால்டுக்குக் கேட்கவில்லை. இரண்டாவது கொஞ்சம் சத்தமாக இருந்தது, அவ்வளவுதான். ஆனால் பக்கத்தில் வெள்ளை வெளேரென்ற தலைமுடியோடு இருந்த பெரியவரின் கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. மற்ற மூன்று பேரும் தலையை மெதுவாக ஆட்டினார்கள். அந்த இடத்தில் கேட்கவில்லை என்று சொல்வது, சாவு வீட்டில் சாப்பாடு எப்போது என்று கேட்பது போல இருந்தது.

"கேக்குது" என்றார்.

"என்ன கேக்குது?"

"வில்லு கம்பியத் தொடுறதுக்கு முன்னாடி… ஒரு மூச்சு."

அது அவர் வாயில் எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது. நான்கு பேரும் கண்ணைத் திறந்தார்கள். வெள்ளைத்தலைப் பெரியவர் எழுந்து வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"பஸ் ஸ்டாண்டு இரைச்சல்ல இம்புட்டு நாளு இந்தக் காதை எப்படிய்யா காப்பாத்தி வச்சிருந்தீரு?"

இருபத்தாறு வருடத்தில் ரொனால்டை யாரும் பாராட்டியதில்லை. டைம் கீப்பரை யாரும் பாராட்ட மாட்டார்கள். பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் திட்டுவார்கள். அன்றைக்கு அவர் ஸ்பீக்கர் வாங்காமல் வீட்டுக்குத் திரும்பினார். ஒரு விண்ணப்பப் படிவம் வாங்கி வந்தார்.

அது திண்டுக்கல் மாவட்ட நுண்செவியர் மன்றத்தின் உறுப்பினர் படிவம். மன்றம் முறைப்படி பதிவு செய்யப்பட்டது. பதிவில் குறை இருக்க வாய்ப்பில்லை, ஏனென்றால் தலைவரான அந்தப் பெரியவர், குமரேசபாண்டியன், ஓய்வுபெற்ற சார்பதிவாளர். செயலாளர் அமலன். பொருளாளர் அமலனின் மைத்துனர். மன்றத்தில் சேர, குறைந்தது இரண்டு லட்ச ரூபாய்க்கு ஒலிக்கருவிகள் வைத்திருக்க வேண்டும். அவற்றை மன்றம் அங்கீகரித்த கடைகளில்தான் வாங்க வேண்டும். மாவட்டம் முழுக்க ஆராய்ந்து மன்றம் இதுவரை ஒரு கடையை அங்கீகரித்திருந்தது.

புதிதாகச் சேர விரும்புகிறவர்களுக்கான கூட்டத்தில் தலைவர் பேசினார்.

"முப்பத்திரண்டு ஆண்டுகள் பத்திரம் பதிந்தவன் நான். ஒரு நிலத்தை நேரில் பார்த்ததே கிடையாது. பத்திரத்தைப் பார்ப்பேன், நல்ல நிலமா, வில்லங்கமான நிலமா என்று சொல்லிவிடுவேன். ஒலியும் அப்படித்தான். பாமர மக்கள் பாட்டைக் கேட்டுவிட்டுக் கருவியை மதிப்பிடுகிறார்கள். அது தவறு. விலைச்சீட்டைப் பார்த்தாலே எனக்கு ஒலி கேட்டுவிடும்."

எல்லோரும் கை தட்டினார்கள். மன்ற விதி பதினேழின்படி ஒரே ஒரு விரலால் உள்ளங்கையில் தட்டினார்கள். முழுக்கையால் தட்டினால் காது நரம்புகள் தடித்துவிடுமாம்.

ரொனால்டு அப்போதுதான் வருங்கால வைப்பு நிதியில் லோன் எடுத்திருந்தார், வீட்டில் தரைக்கடியில் தண்ணீர்த்தொட்டி கட்டுவதற்கு. அவர்கள் தெருவுக்கு ஒன்பது நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும். அந்த லோன் அக்டோபர் மாதம் இரண்டு ஆளுயரப் பெட்டிகளாகவும், அடுப்பு மாதிரி சுடுகிற ஓர் ஆம்ப்ளிஃபயராகவும் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

"தொட்டி?" என்றாள் ஐரின்.

"அடுத்த வருஷம் கட்டிருவோம். நீ செத்த நேரம் இப்படி உக்காரு. கண்ண மூடிக்க. கேக்குதா?"

ஐரின் மேற்கு மரியநாதபுரத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்கிறவள். கண்ணை மூடி, தலையை ஒருபக்கம் சாய்த்து, வெகுநேரம் கேட்டாள்.

"அடுப்புல பால் இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

நவம்பரில் மன்றத்தின் ஆய்வுக்குழு வந்தது. தலைவர் கூடத்தின் நடுவில் நின்று, பத்திரம் வாசிக்கிற குரலில் சொல்லச் சொல்ல, அமலன் எழுதிக்கொண்டார்.

"கிழக்கே ஃபிரிட்ஜ். மேற்கே சுவர்க்கடிகாரம். வடக்கே அடுத்த வீட்டு அய்யம்மாளின் கிரைண்டர். தெற்கே தெருக்குழாய். நான்கெல்லையிலும் ஆக்கிரமிப்பு. இந்த ஒலியில் வில்லங்கம் இருக்கிறது."

ஃபிரிட்ஜ் படுக்கையறைக்குப் போனது. கடிகாரத்தில் பேட்டரி கழற்றப்பட்டது. டைம் கீப்பர் வீட்டில் அதற்குப் பிறகு எப்போதும் நாலு பத்து. மின்விசிறி கூடாது. நாள்காட்டி கூடாது, தாள் படபடக்கும். ஐரின் சமையலறையில் இருந்தாலும் கண்ணாடி வளையல் போடக் கூடாது. இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது எர்த். கருவிக்கென்று தனியாக ஆறடிக்குக் குழி வெட்டி, உப்பும் கரியும் போட்டு, செப்புக்கம்பி இறக்கி, தினமும் இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். குழி காய்ந்தால் பாட்டு வறண்டுவிடும்.

"ஒம்போது நாளைக்கு ஒருக்காதான் தண்ணி வருதுங்க" என்றாள் ஐரின்.

"அதுக்குத்தாம்மா சேத்து வைக்கச் சொல்றது" என்றார் அமலன்.

அய்யம்மாளிடம் பேசும் பொறுப்பு ரொனால்டிடம் விடப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மாவாட்ட வேண்டாம் என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். அய்யம்மாள் உளுந்துக் கையோடு வெளியே வந்தாள்.

"எங்க வீட்ல மாவாட்டுனா ஒங்க வீட்ல பாட்டு கெட்டுப் போயிருமா?"

"ஆமாக்கா."

"அம்புட்டு பூஞ்சைப் பாட்டையா இத்தன லட்சம் குடுத்து வாங்குனீரு?"

ஞாயிற்றுக்கிழமைக்குக் காரணம் இருந்தது. அன்றைக்கு நூல் மில்களுக்கு விடுமுறை. கம்பியில் அழுக்கில்லாத கரண்ட் வரும் என்று மன்றம் கண்டுபிடித்திருந்தது. அதனால் ரொனால்டு பூசைக்குப் போவது நின்றது. பங்குச் சாமியார் விசாரித்தபோது, "காலையிலதான் அவருக்குச் சுத்தமான கரண்ட் வருது சாமி" என்றாள் ஐரின். சாமியார் அதை ஏதோ நரம்பு வியாதி என்று எடுத்துக்கொண்டு அவருக்காக மன்றாடினார்.

பிறகு கேபிள் வந்தது. ஒரு மீட்டர் நீளம், சாரைப்பாம்பு கனம். அதன் விலையை ரொனால்டு வீட்டில் சொல்லவே இல்லை. புதுக் கேபிள் பக்குவப்பட இருநூறு மணி நேரம் பாட்டு ஓட வேண்டும், அந்த நேரத்தில் யாரும் கேட்கக் கூடாது. பச்சைக் கம்பியில் வருகிற பாட்டைக் கேட்டால் காது கெட்டுவிடும் என்றார்கள். ஆகவே டிசம்பரில் ஒன்பது நாட்கள் கூடத்தைப் பூட்டி உள்ளே பாட்டை ஓடவிட்டு, புருஷனும் பொண்டாட்டியும் பின்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வெளியே லேசாகக் கேட்ட பாட்டு நன்றாகத்தான் இருந்தது. ரொனால்டு காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்.

இத்தனைக்கும் அவருக்கு எந்த வித்தியாசமும் கேட்கவில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் மன்றத்தார் வந்து "கேக்குதா?" என்பார்கள். "இப்பத்தான் கேக்குது" என்பார். முதலில் அது பொய்யென்று அவருக்குத் தெரிந்திருந்தது. போகப் போக, இத்தனை பேருக்குக் கேட்பது நமக்குக் கேட்காமலா இருக்கும், நாளைக்குக் கேட்கும் என்று நினைத்துக்கொண்டார். தொட்டிக்கான பணத்தைப் போட்ட பிறகு கேட்காமல் போனால் அதை யாரிடம் போய்ச் சொல்வது?

மார்ச் மாதம் சான்றிதழ் விழா. பதினொரு பேர் கூடத்தில் நெருக்கி உட்கார்ந்தார்கள். விசிறி இல்லை, ஜன்னல் திறக்கக் கூடாது. வெளியே நூறு டிகிரி வெயில். தலைவரின் வேட்டி நனைந்து நாற்காலியோடு ஒட்டியிருந்தது. அமலன் பயபக்தியோடு பொத்தானை அழுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். எல்லோரும் கண்ணை மூடினார்கள்.

சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் நின்ற ரொனால்டு மட்டும் கண்ணைத் திறந்திருந்தார். ஆம்ப்ளிஃபயரில் எரிய வேண்டிய நீல விளக்கு எரியவில்லை. ஃபியூஸ் போயிருந்தது. கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. சொல்லலாம் என்று வாயைத் திறந்தார். தலைவர் கண்ணைத் திறக்காமலே விரலை உயர்த்தி அடக்கினார்.

பன்னிரண்டு நிமிடம். டைம் கீப்பர் ஆனதால் அவருக்கு அது துல்லியமாகத் தெரியும். எட்டாவது நிமிடத்தில் தலைவருக்குக் கண்ணீர் வந்தது. பத்தாவது நிமிடத்தில் பொருளாளர் தொடையில் தாளம் போட்டார்.

"பின்னாடி இருக்கிற அந்த நிசப்தம்! யப்பா!" என்று மூச்சுவிட்டார் அமலன்.

"வில்லங்கமே இல்லாத ஒலி" என்றார் தலைவர். "என் வாழ்நாளில் முதல்முறை."

"ஐயா, செட்டு ஓடல" என்றார் ரொனால்டு. "லைட்டு எரியல பாருங்க."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. தலைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"கருவி ஓடியதா இல்லையா என்பது மின்வாரியம் சம்பந்தப்பட்ட விஷயம். கேட்டதா இல்லையா என்பதுதான் மன்றம் சம்பந்தப்பட்ட விஷயம். இங்கே பதினொரு பேர் கேட்டிருக்கிறோம். யாருக்காவது கேட்கவில்லையா?"

யாருக்கும் கேட்காமல் இல்லை.

"ஓடாதபோதே இவ்வளவு என்றால், ஓடினால் எப்படி இருக்கும் என்பதை உறுப்பினர்கள் யோசிக்க வேண்டும். முதல் தரச் சான்றிதழ் வழங்கப்படுகிறது. அத்துடன், தன் வீட்டுக் குறையைத் தானே எடுத்துச் சொன்ன நேர்மைக்காகத் திரு. ரொனால்டு அவர்கள் மன்றத்தின் கள ஆய்வாளராக நியமிக்கப்படுகிறார்."

சால்வை போர்த்தினார்கள். ரொனால்டு அதை மறுத்திருக்கலாம். சமையலறை வாசலில் மோர் டம்ளர்களோடு நின்ற ஐரின் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. குனிந்து சால்வையை வாங்கிக்கொண்டார்.

கள ஆய்வாளருக்கு வந்த முதல் கோப்பு, எரியோடு என்ற ஊரைச் சேர்ந்த அய்யனாருடையது. அய்யனார் முருங்கையும் தென்னையும் போட்டிருந்தார். ஒரு வருடம் முருங்கைக்காய்க்கு நல்ல விலை கிடைத்ததில் செட் வாங்கியவர். இரண்டு முறை சான்றிதழ் மறுக்கப்பட்டது. காரணம், வீட்டை ஒட்டிய தொழுவத்தில் இரண்டு கறவை மாடுகள். மாடு கத்துவதும், அசைபோடுவதும், பால் கறக்கிற சத்தமும் பாட்டின் 'பேஸ்' என்கிற அடியொலியைக் கலக்குவதால், "மேற்படி கால்நடைகளை அப்புறப்படுத்தினால் பரிசீலிக்கலாம்" என்று மன்றம் எழுதியிருந்தது. ரொனால்டு நேரில் கேட்டு, கலங்குகிறது என்று கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பஸ்ஸில் போய் இறங்கினார். வாசலில் ஒரு மாட்டு வியாபாரி பைக்கைச் சாய்த்துவிட்டுப் பீடி குடித்துக்கொண்டிருந்தார். கையெழுத்து விழுந்ததும் பேசி முடிக்கலாம் என்று வரச் சொல்லியிருந்தார்களாம்.

அய்யனார் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பாட்டைப் போட்டார். ரொனால்டு கண்ணை மூடினார். பாட்டுக் கேட்டது. நடுவில் ஒரு மாடு கத்தியது. அதுவும் கேட்டது. மறுபடி பாட்டுக் கேட்டது.

"மாடு கத்துனப்ப அந்த அடியொலி கலங்குச்சா சார்?" என்றார் அய்யனார். குரலில் அப்படி ஓர் ஆவல்.

ரொனால்டு பேனாவை எடுத்தார். அப்போது அய்யனாரின் மனைவி பழனியம்மாள் வாசற்படியில் வந்து நின்றாள். கையில் தவிடு ஒட்டியிருந்தது.

"சார், நா படிக்காதவ. இவரு கலங்குதுங்குறாரு. எனக்கு ஒண்ணும் தெரியல. பெரியாபீசர் நீங்க வந்திருக்கீங்க. நெசமாவே ஒங்களுக்குக் கலங்குறது கேக்குதா? கேக்குதுன்னா ஒரு வார்த்த சொல்லுங்க, நானே மாட்டப் புடிச்சுக் குடுத்துர்றேன். அந்தப் பாலுலதான் ரெண்டு பிள்ளைகளுக்கும் பீசு கட்டுறேன். இருந்தாலும் நெசம்னா குடுத்துர்றேன்."

அவள் சண்டை போட்டிருந்தால் ரொனால்டு கையெழுத்துப் போட்டிருப்பார். சண்டைக்காரர்களை அவர் தினமும் பார்க்கிறார். அவள் நம்புவதற்குத் தயாராக நின்றாள். அவர் பேனாவை மூடினார்.

"கேக்கலம்மா" என்றார்.

"என்ன சார் கேக்கல?" என்றார் அய்யனார்.

"எதுவும் கலங்கல. எனக்கு ஒரு வித்தியாசமும் கேக்கல. இன்னைக்கு மட்டுமில்ல, என்னைக்குமே கேட்டதில்ல."

"அப்ப ஒங்க வீட்டுக்கு முதல் தரம் குடுத்தாங்களே?"

"அன்னைக்குச் செட்டே ஓடல தம்பி."

அய்யனார் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்று முகம் சிவந்தது.

"ஓடாத செட்டுக்கு ஒங்களுக்கு முதல் தரம். நா இம்புட்டுச் செலவழிச்சு, மாட்டையும் விக்கத் துணிஞ்சு நிக்கேன், என் வீட்டுக்கு வந்து கேக்கலங்குறீங்க. டவுனுக்காரனுக்கு மட்டுந்தான் கேக்கும், எரியோட்டுக்காரனுக்குக் கேக்கக் கூடாது, அப்படித்தானே?"

"அய்யா, நா சொல்றது அதில்ல…"

அய்யனார் தலைவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். தலைவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"ஆய்வாளரின் காதில் வில்லங்கம் ஏற்பட்டிருக்கிறது. நியமனம் ரத்து. முதல் தரச் சான்றிதழும் ரத்து. ஆனால் அவர் கருவி நல்ல கருவி, அதைப் பற்றி யாரும் தவறாக நினைக்க வேண்டாம். புதன்கிழமை அமலன் வந்து கேட்பார். அவருக்குக் கட்டாயம் கேட்கும்."

"அப்ப நானும் பொதங்கெழமயே வாரேன்" என்று வியாபாரி பைக்கை உதைத்தார்.

பழனியம்மாள் தொழுவத்துக்குப் போய் இரண்டு மாடுகளையும் அவிழ்த்தாள்.

"எங்கடி போற?" என்றார் அய்யனார்.

"எங்கண்ணன் வீட்டுக்கு. பொதங்கெழம வாரவுகளுக்குக் கட்டுத்தறியக் காட்டுங்க."

மாடுகளை முன்னால் விட்டு அவள் வெயிலில் நடந்தாள். அய்யனார் ரொனால்டைப் பார்த்த பார்வையில், தன் குடும்பத்தைக் கெடுக்கவே திண்டுக்கல்லிலிருந்து டிக்கெட் எடுத்து வந்தவரைப் பார்க்கிற வெறுப்பு இருந்தது. ரொனால்டு தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறினார்.

வழியெல்லாம் ஒன்றே ஒன்றுதான் மனதில் ஓடியது. முன்பின் தெரியாத வீட்டில் சொன்னதைத் தன் வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஐரின் கூடத்தில் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்தார்.

"ஐரின், எனக்கு எந்த வித்தியாசமும் கேக்கல. கடையில கேட்ட மொத நாள்லருந்தே கேக்கல. எல்லாரும் கேக்குதுன்னாங்க, நானும் சொல்லிட்டேன். மன்னிச்சுரு."

தொட்டிப் பணத்தைக் கேட்பாள், கத்துவாள் என்று தலையைக் குனிந்துகொண்டார். நிமிர்ந்து பார்த்தபோது அவள் கையில் சிவப்புப் பேனா அப்படியே நின்றிருந்தது.

"நா பெரியாஸ்பத்திரிக்குப் போனேன்" என்றாள்.

"எதுக்கு?"

"காது காட்ட. நீங்க மணிக்கணக்கா உக்காந்து கேக்குது கேக்குதுங்குறீங்க. எனக்கு ஒரு வித்தியாசமும் கேக்கல. எங்கம்மாவுக்கு ஐம்பதுக்குள்ள ரெண்டு காதும் போச்சுல்ல, எனக்கும் போகுதுன்னு நெனச்சேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"என்னன்னு சொல்ல? ஒங்களுக்குத்தான் அம்புட்டுக் கூர்மையான காதாச்சே. மூணு தடவ போனேன். மூணு தடவயும் நல்லாருக்குன்னுதான் எழுதிக் குடுத்தாங்க. நா நம்பல. மிஷினு சரியில்லன்னு சொன்னேன். அந்த டெஸ்ட் எடுக்கிற பொண்ணு திட்டிருச்சு. க்ளாஸ்ல பிள்ளைக பாடம் ஒப்பிக்கிறப்ப எனக்குச் சரியாத்தான் கேக்குதா, தப்பாக் கேக்குதான்னு ஒரே பயம். சொன்னதவே திருப்பித் திருப்பிச் சொல்லச் சொல்றேன். பிள்ளைக சிரிக்குதுக."

அவள் கைப்பையைத் திறந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். தலைமையாசிரியருக்கு எழுதியது. காது கேட்கும் திறன் குறைந்து வருவதால் வகுப்பிலிருந்து விடுவித்து, அலுவலகத்தில் வேறு வேலை ஏதாவது கொடுக்கும்படி, அழகான ஒன்றாம் வகுப்புக் கையெழுத்தில் எழுதியிருந்தாள்.

"நாளைக்குக் குடுக்கணும்னு இருந்தேன். இதக் கிழிச்சுரட்டுமா?"

"கிழிச்சுரு" என்றார் ரொனால்டு. ஐரின் அவர் உதடுகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஐந்து மாதமாக அவர் பேசும்போதெல்லாம் அவள் அப்படித்தான் பார்த்திருக்க வேண்டும். இன்றைக்குத்தான் அவர் கண்ணில் பட்டது.